கட்டிக்குள் யார் எதைத் தின்கிறார்கள்?

புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று பார்க்கிற பெட் ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த நடைமுறை மனப்பாடமாக இருக்கும். பல மணி நேரம் வெறும் வயிறு, விரலில் குத்தி சர்க்கரை பார்ப்பது, கையில் ஒரு ஊசி, அப்புறம் ஒரு மணி நேரம் போல தனி அறையில் பேசாமல் அசையாமல் படுத்திருப்பது. ஊசியில் போவதன் பெயர் எஃப்டிஜி. குளுக்கோஸ்தான், அதில் ஒரு இடத்தில் மட்டும் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைப் பொருத்தியிருப்பார்கள். குளுக்கோஸ் தேடுகிற செல் இதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆனால் முதல் படிக்கு மேல் செரிக்க முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து வரும் கதிர்களை இயந்திரம் படம் பிடிக்கிறது. கட்டி இருக்கிற இடம் பளிச்சென்று தெரியும்.

இந்தப் படத்திலிருந்து கிளம்பிய ஒரு வரி ஊரெல்லாம் சுற்றுகிறது: புற்றுநோய் சர்க்கரையைத் தின்று வளர்கிறது, சர்க்கரையை நிறுத்தினால் அது பட்டினியில் செத்துவிடும். வாட்ஸ்அப்பில் வேறு வேறு டாக்டர்கள் பெயரோடு வந்துகொண்டே இருக்கிறது. கீமோ போய்க்கொண்டிருக்கிற, வாய்க்கு எதுவும் பிடிக்காத, மாதாமாதம் எடை இறங்கிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு சோறு, வாழைப்பழம், பாலில் போடுகிற ஒரு ஸ்பூன் சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பாகற்காய்ச் சாறு கொடுக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். அன்பினால்தான் செய்கிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஏனென்றால் அந்தப் பளிச்சென்ற இடத்தைப் பற்றி யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அங்கே குளுக்கோஸை இழுத்துக்கொண்டிருப்பது யார்?

கட்டி என்றால் முழுக்கப் புற்றுசெல்கள்தான் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ரத்தக் குழாய்கள் இருக்கின்றன, நார்த்திசுவை உருவாக்கும் செல்கள் இருக்கின்றன, அவற்றோடு நம் நோய் எதிர்ப்புப் படையின் செல்கள் கணிசமாக இருக்கின்றன. கட்டியைக் கொல்ல வந்த டி செல்கள், அந்த டி செல்களை அடக்கி வைக்கிற ஒழுங்குபடுத்தும் டி செல்கள், மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கும் செல்கள். நம் நாட்டு மருத்துவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், காரணம் காசநோய். டிபி வந்த நிணநீர்க் கணுவும் பெட் ஸ்கேனில் புற்றுநோய் போலவே ஒளிரும். அங்கே ஒரு புற்றுசெல்கூடக் கிடையாது. கிருமியைச் சுற்றி வளைத்த எதிர்ப்புச் செல்கள்தான் அத்தனை குளுக்கோஸையும் இழுக்கின்றன. பயாப்ஸி பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்று ஒரு மருத்துவர் பிடிவாதம் பிடித்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கதை எங்கே ஆரம்பித்தது என்று பார்க்கலாம். 1920களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க், கட்டியிலிருந்து எடுத்த திசு போதுமான ஆக்ஸிஜன் இருக்கும்போதும் குளுக்கோஸைப் பாதியில் உடைத்து லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுவதைக் கண்டார். ஒரு குளுக்கோஸை மைட்டோகாண்ட்ரியா என்ற செல்லின் எரிஉலை வரை கொண்டுபோய் முழுக்க எரித்தால், செல் ஆற்றலாகச் செலவழிக்கிற ஏடிபி மூலக்கூறுகள் சுமார் 30 கிடைக்கும், பாதியில் விட்டால் 2 மட்டும். இது ஏதோ பழுது, மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போனதால்தான் புற்றுநோயே வருகிறது என்று வார்பர்க் கடைசி வரை நம்பினார். அந்தப் பகுதி நிற்கவில்லை. பெரும்பாலான புற்றுசெல்களில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே வேலை செய்கிறது. வேகமாகப் பெருகுகிற செல்லுக்கு ஆற்றல் மட்டும் போதாது, புதுச் செல்லைக் கட்ட மூலப்பொருளும் வேண்டும், குளுக்கோஸை வழியிலேயே பிரித்து டிஎன்ஏ, சவ்வு, புரதம் என்று திருப்பிவிடுவது அதற்குத் தோதான வழி என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

இதே பழக்கம் டி செல்லுக்கும் உண்டு. சும்மா ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அது கொஞ்சமாகத் தின்று மைட்டோகாண்ட்ரியாவில் நிதானமாக எரிக்கும். எதிரியை அடையாளம் கண்டுவிட்டால் சில மணி நேரத்துக்குள் குளுக்கோஸ் வாசல்களைத் திறந்து, புற்றுசெல்லைப் போலவே அள்ளி, புற்றுசெல்லைப் போலவே லாக்டிக் அமிலத்தை வெளியே தள்ள ஆரம்பிக்கிறது. அதற்கும் அப்போது பெருக வேண்டும், ஒன்று ஆயிரங்களாக ஆக வேண்டும். ஆக, தாக்குபவனும் தாக்கப்படுபவனும் ஒரே வளர்சிதை வழியை நம்பியிருக்கிறார்கள். சர்க்கரையைக் குறைத்துப் புற்றுசெல்லை மட்டும் பட்டினி போட்டுவிடலாம் என்ற எண்ணம் முதலில் இடறுவது இங்கேதான்.

இதற்குள் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு 2013இல் வந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எரிக்கா பியர்ஸின் குழு டி செல்களுக்குக் குளுக்கோஸுக்குப் பதிலாக கேலக்டோஸ் என்ற வேறு சர்க்கரையைக் கொடுத்து வளர்த்தது. செல்கள் சாகவில்லை, பெருகவும் செய்தன. ஆனால் இன்டர்ஃபெரான் காமாவை வேண்டிய அளவு தயாரிக்கவில்லை. டி செல் கட்டியை எதிர்க்கும் முக்கியமான ஆயுதங்களில் ஒன்று அது. வினோதம் என்னவென்றால் அதற்கான எம்ஆர்என்ஏ செல்லுக்குள் தயாராகவே இருந்தது. உத்தரவு வந்துவிட்டது, புரதம் மட்டும் உருவாகவில்லை. ஏன்? குளுக்கோஸை உடைக்கும் வரிசையில் ஜிஏபிடிஹெச் என்று ஒரு நொதி உண்டு. குளுக்கோஸ் வந்துகொண்டிருந்தால் அது தன் வேலையில் மூழ்கியிருக்கும். வேலை இல்லாதபோது போய் இன்டர்ஃபெரான் காமாவின் எம்ஆர்என்ஏ மீது உட்கார்ந்துகொள்கிறது, வேலையில்லாதவர் கடை வாசல்படியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களுக்கு வழிவிடாமல் இருப்பதைப் போல. அது எழுந்து போகாதவரை புரதத் தயாரிப்பு நடக்காது.

இதை முதலில் படித்தபோது அடுத்த பக்கத்துக்குப் போக மனம் வரவில்லை. உணவு எரிபொருள், அது குறைந்தால் செல் சோர்ந்துபோகும் என்பதுதான் நாம் பள்ளியில் படித்தது. இங்கே செல் சோரவே இல்லை. அது தெம்பாகத்தான் இருக்கிறது, பெருகுகிறது, கட்டிக்குள்ளும் நுழைகிறது, ஆனால் கொல்வதில்லை. செல்லின் நடத்தையை முடிவு செய்தது அதன் தெம்பு இல்லை, எந்த வழியில் உணவு செரிக்கிறது என்பதுதான். இதற்குப் பின் வந்த கண்டுபிடிப்புகளில் பலவற்றை நான் இதன் நீட்சியாகத்தான் படிக்கிறேன்.

அதே குழு 2015இல் அடுத்த படியை வைத்தது. எலிகளின் கட்டியில் புற்றுசெல்கள் குளுக்கோஸை அபகரித்து டி செல்களைப் பட்டினி போடுகின்றன, டி செல்கள் செயலிழப்பதற்கு அதுவே காரணமாகலாம் என்று காட்டினார்கள். பிடி-எல்1 என்ற மூலக்கூறை மறிக்கிற மருந்து, டி செல்லின் தடையை நீக்குவதோடு புற்றுசெல்லின் குளுக்கோஸ் உறிஞ்சலையும் குறைக்கிறது என்பது அதில் கிடைத்த எதிர்பாராத செய்தி. அதே சமயத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் சூசன் கேக்கின் குழுவும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வேறு பாதையில் வந்தது. குளுக்கோஸ் உடையும்போது வழியில் உருவாகும் ஒரு இடைப்பொருள் குறைந்தால் டி செல்லைத் தாக்கத் தூண்டும் கால்சியம் சமிக்ஞையே பலவீனமாகிறது என்றார்கள். இரண்டு ஆய்வுகளும் சேர்ந்து ஒரு தெளிவான சித்திரத்தைக் கொடுத்தன: கட்டிக்குள் குளுக்கோஸுக்காக இழுபறி நடக்கிறது, புற்றுசெல் ஜெயிக்கிறது.

2021இல் அந்தச் சித்திரம் கலைந்தது. டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ராத்மெல், கிம்ரின் ராத்மெல் குழுவினர் செய்த சோதனையை நான் நேரடித் தன்மைக்காகவே மதிக்கிறேன். கட்டி உள்ள எலிகளுக்கு, நமக்கு ஸ்கேனில் போடுகிற அதே எஃப்டிஜியைப் போட்டார்கள். படம் எடுப்பதோடு நிற்காமல் கட்டியை வெட்டி எடுத்து, செல்களை இனம் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு இனத்திலும் எவ்வளவு கதிரியக்கம் மாட்டியிருக்கிறது என்று அளந்தார்கள். ஃபுளோரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தாக வேண்டும். செல்லுக்குச் செல் கணக்கில் அதிகமாகக் குளுக்கோஸை இழுத்தவை மேக்ரோஃபேஜ் போன்ற மைலாய்டு வகைச் செல்கள். டி செல்களும் புற்றுசெல்களும் அதற்குப் பின்னால்தான். புற்றுசெல்கள் முந்தி நின்றது குளுட்டமைன் என்ற அமினோ அமிலத்தில். கட்டிக்குள் செல்களுக்கு இடையில் இருக்கும் திரவத்தை எடுத்துப் பார்த்தால் குளுக்கோஸ் அங்கே வற்றிப் போயிருக்கவும் இல்லை.

குளுட்டமைன் உறிஞ்சுவதை மருந்தால் தடுத்தபோது செல்கள் எல்லாமே குளுக்கோஸை அதிகமாக இழுத்தன. அப்படியானால் முன்பு அவை குறைவாக இழுத்ததற்குக் காரணம் குளுக்கோஸ் தட்டுப்பாடு இல்லை. எதை எவ்வளவு எடுப்பது என்பது ஒவ்வொரு செல்லின் உள் நிரலில் எழுதியிருக்கிறது.

மேக்ரோஃபேஜ்களின் இந்தப் பசி முழுக்கப் புதிய செய்தியும் இல்லை. 1992லேயே ஜப்பானில் குபோடாவின் குழு எலிக் கட்டிகளைச் சீவி எடுத்து, எஃப்டிஜி புற்றுசெல்களைவிட மேக்ரோஃபேஜ்களிலும் சுற்றியுள்ள புதுத் திசுவிலும் அதிகமாகச் சேர்கிறது என்று காட்டியிருந்தது. முப்பது வருஷம் அது பெரிய கவனம் பெறாமல் கிடந்தது.

அப்படியானால் 2015 ஆய்வுகள் தவறா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். கட்டிக்குக் கட்டி வேறுபாடு உண்டு, ஒரே கட்டியிலும் ரத்தக் குழாயின் ஓரமும் நடுவில் அழுகிய பகுதியும் ஒன்றில்லை. செல்லுக்குச் செல் குறைவாக எடுத்தாலும் புற்றுசெல்கள் எண்ணிக்கையில் அதிகம் என்றால் மொத்தக் கணக்கு மாறும். இன்னொன்றும் இருக்கிறது, இதை நம் ஊர்க்காரர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். ஆய்வுக்கூடத்தில் டி செல்களை வளர்க்கப் பரவலாகப் பயன்படும் ஆர்பிஎம்ஐ 1640 என்ற திரவத்தில் லிட்டருக்கு 2 கிராம் குளுக்கோஸ், அதாவது நாம் லேப் ரிப்போர்ட்டில் படிக்கிற கணக்கில் 200. புற்றுசெல்களை வளர்க்கப் பயன்படுத்தும் இன்னொரு திரவத்தில் 450. அந்த அளவு ரத்தத்தில் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். செல்லின் உணவுப் பழக்கத்தைப் பற்றி நாம் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட திரவத்தில் நீந்திக்கொண்டிருந்த செல்களிடமிருந்து வந்தது. எலிக்குள் நேரடியாக அளந்த வாண்டர்பில்ட் சோதனைக்கு நான் அதிக எடை கொடுப்பது இதனால்தான்.

இப்போது பாகற்காய்ச் சாறு விஷயம். நாம் இனிப்பை நிறுத்தினாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் தீர்ந்துவிடாது. கல்லீரல் அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும், சாப்பாட்டிலிருந்து கிடைக்கவில்லை என்றால் தசையைக் கரைத்துத் தயாரிக்கும். ஏற்கெனவே தசை இழந்துகொண்டிருக்கிற நோயாளிக்கு இது நேரடி நஷ்டம். தப்பித்தவறி கட்டிக்குள் குளுக்கோஸ் குறைந்தாலும், மேலே சொன்ன கணக்கில் ஆயுதம் செய்யச் சர்க்கரை தேவைப்படுவது டி செல்லுக்கு, புற்றுசெல்லுக்கோ குளுட்டமைன் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும், அது வேறு பேச்சு. மற்றபடி, கீமோவில் இருக்கிறவர் இட்லியோ சோறோ கேட்டால் தயவுசெய்து கொடுங்கள். என்ன சாப்பிடலாம் என்ற சந்தேகத்தை, சிகிச்சை பார்க்கிற மருத்துவரிடமும் அங்கே இருக்கும் டயட்டீஷியனிடமும் கேளுங்கள்.

உணவில் நாம் கை வைக்க முடியாது என்பதற்காகச் செல்லுக்குள் கை வைக்க முடியாது என்றில்லை. 2019இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் பவெலின் குழு குளுட்டமைன் பயன்பாட்டை முடக்கும் ஒரு மருந்தை எலிகளில் சோதித்தது. மூல மருந்து பழையது, குடலைப் புண்ணாக்குகிற நச்சுத்தன்மையால் ஒதுக்கப்பட்டது. அதைக் கட்டிக்குள் போன பிறகே வீரியம் பெறுகிற வடிவத்துக்கு மாற்றியிருந்தார்கள். புற்றுசெல்களில் குளுக்கோஸ் வழி, மைட்டோகாண்ட்ரியா வழி இரண்டுமே சரிந்தன. டி செல்களோ மாற்று எரிபொருளுக்கு மாறிக்கொண்டு முன்பைவிட நீண்ட ஆயுளோடும் வீரியத்தோடும் வேலை செய்தன. ஒரே தட்டுப்பாடு, இரண்டு செல்களில் நேர் எதிரான விளைவு. பொதுவாகப் பட்டினி போடுவதற்கும், எந்தச் செல் எதில் ஓடுகிறது என்று தெரிந்து தடுப்பதற்கும் உள்ள தூரம் இதில் தெரிகிறது.

கழிவின் கதை தனி. கட்டிக்குள் தேங்கும் லாக்டிக் அமிலம் கொல்லும் டி செல்லை மந்தமாக்குகிறது. ஆனால் அதை உணவாகவே எடுத்துக்கொள்கிற செல்கள் இருக்கின்றன. ஒழுங்குபடுத்தும் டி செல்கள், அதாவது மற்ற டி செல்களை அமைதியாக இருக்கச் சொல்பவை, எம்சிடி1 என்ற வாசல் வழியாக அந்த அமிலத்தை உள்ளே எடுத்து எரிக்கின்றன. 2021இல் பிட்ஸ்பர்க்கில் கிரெக் டெல்காஃப் குழு அந்த வாசலை இந்தச் செல்களில் மட்டும் நீக்கிப் பார்த்தது. எலிகளில் கட்டி வளர்ச்சி குறைந்தது, எதிர்ப்புச் செல்களைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் சிகிச்சையான இம்யூனோதெரபிக்குப் பலனும் கூடியது. அதே செல்களுக்குக் குளுக்கோஸ் அதிகமாகக் கிடைத்தால் அவற்றின் அடக்கும் திறன் குறைகிறது என்றும் கண்டார்கள். மேக்ரோஃபேஜும் லாக்டிக் அமிலத்தால் மாறுகிறது. 2014இல் யேலில் ருஸ்லான் மெட்ஜிடோவ் குழு காட்டியது இது: லாக்டிக் அமிலத்தை உணர்ந்த மேக்ரோஃபேஜ், புதிய ரத்தக் குழாய்களை வரவழைக்கிற புரதத்தையும், அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கிற நொதியையும் தயாரிக்கிறது. அர்ஜினைன் இல்லாமல் டி செல் பெருக முடியாது. மேக்ரோஃபேஜ் புண்ணை ஆற்றும்போது செய்கிற வேலைதான், இடம்தான் வேறு.

அமினோ அமிலம் என்றதும் டிரிப்டோஃபேன் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் துறை வாங்கிய பெரிய அடி அங்கேதான். 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அகஸ்டாவில் டேவிட் மன்னும் ஆண்ட்ரூ மெல்லரும் ஒரு பழைய புதிருக்கு விடை தேடினார்கள். தந்தையின் பாதி மரபணுக்களைச் சுமக்கிற கருவைத் தாயின் டி செல்கள் ஏன் அந்நியம் என்று நிராகரிப்பதில்லை? நஞ்சுக்கொடிப் பகுதியில் ஐடிஓ என்ற நொதி டிரிப்டோஃபேனைச் சிதைத்து டி செல்களை அடக்குகிறது. அந்த நொதியை மருந்தால் முடக்கியபோது எலிகளில் அந்நிய மரபணு கொண்ட கருக்கள் நிராகரிக்கப்பட்டன. பல கட்டிகளும் இதே நொதியை வைத்திருப்பது தெரிந்ததும் மருந்து நிறுவனங்கள் பாய்ந்தன. எபகாடோஸ்டாட் என்ற மருந்தைப் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தோடு சேர்த்து, மெலனோமா என்ற தோல் புற்றுநோய் முற்றிய நோயாளிகள் 706 பேரிடம் மூன்றாம் கட்டச் சோதனை நடந்தது. 2018இல் முடிவு வந்தது. சேர்த்துக் கொடுத்ததால் எந்தக் கூடுதல் பலனும் இல்லை. அதன்பின் இதே வகையில் நடந்துகொண்டிருந்த பல சோதனைகள் நிறுத்தப்பட்டன. டிரிப்டோஃபேனைச் சிதைக்க வேறு நொதியும் உண்டு, கட்டியைப் பார்த்து நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. எனக்குத் தோன்றுவது, நுட்பமான உயிரியலுக்கு அவசரமான சோதனை வடிவம் அமைந்துவிட்டது என்பதுதான். அந்த 706 பேரும் நம்பிக்கையோடு சேர்ந்தவர்கள் என்பதை இந்தத் துறையில் இருக்கிறவர்கள் மறக்கக் கூடாது.

இவ்வளவும் நோயாளிக்கு எங்கே பயன்படப்போகிறது என்று கேட்டால் நான் கார்-டி சிகிச்சையைக் காட்டுவேன். நோயாளியின் டி செல்களை எடுத்து, புற்றுசெல்லை அடையாளம் காணும் புரதத்தைச் சேர்த்து, வெளியே பெருக்கித் திரும்பச் செலுத்துவது. அந்தப் புரதத்தின் உள்வாலில் ஒரு தூண்டும் பகுதியைப் பொருத்துவார்கள், பெரும்பாலும் சிடி28 அல்லது 4-1பிபி. 2016இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூனின் குழு இரண்டையும் ஒப்பிட்டது. சிடி28 பொருத்திய செல்கள் குளுக்கோஸை அள்ளி வேகமாகத் தாக்கும் வகையாகின. 4-1பிபி பொருத்தியவை மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கிக்கொண்டு, கொழுப்பை எரித்து, நீண்ட நாள் தாங்கும் நினைவுச் செல்களாகின. இந்தியாவில் ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கி 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சையில் இருப்பதும் 4-1பிபிதான்.

ரத்தப் புற்றுநோய்களில் சாதித்த இந்தச் சிகிச்சை திடக் கட்டிகளில் இன்னும் அந்த அளவுக்குப் பலன் தரவில்லை. கட்டிக்குள் இருக்கும் சாப்பாட்டு நிலவரம் அதற்கு ஒரு காரணம், அதனால் செல்லை அனுப்புவதற்கு முன்பே தயார்படுத்தும் வழிகளைத் தேடுகிறார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் நிக்கோலஸ் ரெஸ்டிஃபோ குழு 2016இல் ஒன்றைக் கண்டது: கட்டிக்குள் செத்த செல்களிலிருந்து கசிகிற பொட்டாசியம் டி செல்களை முடக்குகிறது. 2019இல் அவர்களே அதன் மறுபக்கத்தைச் சொன்னார்கள். அதிகப் பொட்டாசியத்தில் இருக்கும் டி செல் வெளியிலிருந்து உணவை எடுக்க முடியாமல் தன்னுள் இருப்பதையே தின்று பிழைக்கிறது, அந்தப் பட்டினியில் முதிராமல் மூலச்செல்லின் தன்மையோடு தங்கிவிடுகிறது. அப்படி ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே பொட்டாசியம் கூட்டி வளர்த்த டி செல்களைக் கட்டி உள்ள எலிகளுக்குச் செலுத்தியபோது அவை சாதாரணமாக வளர்த்தவற்றைவிட நன்றாகக் கட்டியை அழித்தன. வளர்க்கும் நாட்களைக் குறைப்பது, டி செல்லை வளர்க்கும் சமிக்ஞைப் புரதங்களில் ஐஎல்-2க்குப் பதிலாக ஐஎல்-7, ஐஎல்-15 கொடுப்பது, மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும் மரபணுவைச் சேர்த்து அனுப்புவது என்று வேறு வழிகளும் சோதனையில் இருக்கின்றன.